ஊர்ப்பெயரில் ஓர் ஒற்று



ஓர் ஊரின் பெயர் அயல்மொழியிற் புகும்போது அம்மொழியின் இலக்கணத்தையும் அணிந்துகொள்கிறது. சிசிலித் தீவிலே கிரேக்கர் நிறுவிய நகரொன்றின் பெயர் அக்ரகஸ். நாம் 'மரம்' என்பதனை 'மரத்தை' எனத் திரிப்பதுபோல, வேற்றுமை ஏற்கையில் அப்பெயர் 'அக்ரகந்த்' என அடி திரியும். உரோமர் அத்திரிந்த அடியையே எடுத்து, 'உம்' என்னும் தம் இலத்தீன் விகுதியைச் சேர்த்து, 'அக்ரிகெந்தும்' என வழங்கினர். 'அந்நகரிலே' என்பதற்கு 'அக்ரிகெந்தி' என்றனர். நம் 'இல்' உருபு செய்யும் தொழிலை அங்கே சொல்லின் ஈறே செய்கிறது.

நம் கொட்டியாரக் குடாவின் இரு கரைகளிலும் இத்தகைய ஆராய்ச்சிக்கு இடமுண்டு. வடகரையிலுள்ள தலத்தை 7 ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் 'கோணமாமலை' என்று பாடினார். ஆங்கிலேயர் நாவில் ஊர்ப்பெயர் 'ட்ரிங்கோமலி' ஆயிற்று. சிங்களத்தில் அது 'திரிகுணாமலய'.

தமிழரோ இருவிதமாக எழுதுகின்றோம். 'திரு' என்னும் அடைமொழி முன்வந்தால், திருக்குறள், திருக்கோயில் என்பனபோல, 'திருக்கோணமலை' என ஒற்று மிகவேண்டும். 'திருகோணமலை' என ஒற்றின்றி எழுதுவோருட் சிலர், மூன்று எனப் பொருள்படும் 'திரி' என்பதே 'திரு' ஆயிற்று என்பர். ஓர் ஒற்று மிகுவதும் மிகாமையும் ஊரின் பொருளையே மாற்றக் காண்கின்றோம். சம்பந்தர் வாக்கிலே 'திரி' என்பது இல்லை என்பதும் இங்கே கருதத்தக்கது.

இனித் தென்கரைக்கு வருவோம். மூதூரை அடுத்துள்ளது கட்டைபறிச்சான். 'கட்டைப்பறிச்சான்' என்று ஒற்றிட்டுத் திருத்த விழைவோர் சற்றுப் பொறுக்க! கட்டையைப் பறித்தான் என விரியும் இத்தொடர் இரண்டாம் வேற்றுமைத் தொகை. கனி தின்றான், துணி கட்டினான் என்பவற்றிற்போல, இங்கே வல்லினம் மிகாது. ஆகவே ஊரார் வழக்கே இலக்கண வழக்குமாகும்.

'பறித்தான்' எனவும் இதனைத் திருத்தவேண்டா. இகரத்தை அடுத்த தகர இரட்டை பேச்சிலே சகர இரட்டை ஆகும். அடித்தான் 'அடிச்சான்' ஆவதும் அவ்வாறே. பறித்தவன் பெயரை ஊர் சொல்லவில்லை. ஆனால் அவ்வூரார் பேசிய தமிழை அது காத்து வைத்திருக்கிறது.

அன்பர்களே, கல்வெட்டில்லாத சிற்றூருக்கு அதன் பெயரே கல்வெட்டு. பெயர்ப்பலகை எழுதுவோரும் படம் வரைவோரும் ஓர் எழுத்தைக் கூட்டுமுன்னும் குறைக்குமுன்னும் அவ்வூராரைக் கேட்பாராக.