ஓடும் வண்டி திடீரென நின்றால்: கிராங்க் சென்சார் பழுதை அறியும் முறை

(உழவர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



உழவியல் ஆசிரியனுக்கு எஞ்சினைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். பறித்த தக்காளியைச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும் விவசாயத்தில் ஒரு பகுதியே ஆகும். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் வயலில் கண்ட விளைச்சலால் என்ன பயன்? மேலும், இப்பழுதினால் நானே பணத்தை இழந்தவன்.

ஒரு சித்திரை மாதத்தில், செயல்விளக்கத் திடலுக்குச் செல்லும்போது என் பெட்ரோல் கார் ஓடிக்கொண்டிருக்கையிலேயே நின்றது. செல்ப் நன்றாகச் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. அரை மணி கழித்து, ஒன்றுமே நடவாததுபோல் ஸ்டார்ட் ஆயிற்று. பணிமனையில் பெட்ரோல் பம்பை மாற்றினார்கள். பத்து நாளில் மறுபடியும் நின்றது. பாட்டரியை மாற்றினார்கள். மூன்றாம் முறை, மேம்பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது நின்றது. காரில் என் குழந்தைகள் இருந்தார்கள். கடைசியில், கட்டைவிரல் அளவே உள்ள ஒரு சென்சார்தான் காரணம் என்று தெரிந்தது. பம்பும் பாட்டரியும் நல்ல நிலையிலேயே இருந்தவை.

இதன் வேலை என்ன?

எஞ்சினின் கிராங்க் ஷாப்டுடன் பல் வைத்த சக்கரம் ஒன்று சுற்றுகிறது. பல வண்டிகளில் 60 பற்களுக்குரிய இடத்தில் 58 பற்களே இருக்கும். பற்களைக் கொண்டு வேகத்தையும், இரண்டு பல் இல்லாத இடைவெளியைக் கொண்டு பிஸ்டன் நிற்கும் இடத்தையும் சென்சார் தெரிவிக்கிறது. இதை வைத்தே எஞ்சினின் கணினி எரிபொருளைப் பீய்ச்சுகிறது. பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறியும் தருகிறது. சைகை நின்றால் பெரும்பாலான எஞ்சின்கள் நின்றுவிடும். சில எஞ்சின்கள் மட்டும் கேம் ஷாப்ட் சென்சாரை வைத்து ஒருவாறு ஓடும்.

பழைய டீசல் எஞ்சின்கள் இதை நம்பி ஓடவில்லை. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிப்படி விற்கப்படும் கார்களிலும் சரக்கு வேன்களிலும் இது இன்றியமையாதது.

அறிகுறிகள்

1. எஞ்சின் சூடேறியதும் நிற்கும். ஆறியதும் ஸ்டார்ட் ஆகும். சென்சாரின் உள்ளே உள்ள மெல்லிய கம்பிச்சுருள் சூட்டில் விலகி, ஆறியபின் மறுபடி சேர்வதே இதற்குக் காரணம்.
2. செல்ப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் சிறிதும் அசையாது. எல்லா வண்டிகளுக்கும் இது பொருந்தாது. எனினும் நல்ல துப்பு.
3. ஓடும்போது முள் சட்டென்று பூச்சியத்துக்கு விழும். வண்டி வெட்டி வெட்டி ஓடும்.

சோதிக்கும் வரிசை

முதலில் பாட்டரியைப் பாருங்கள். செல்ப் மந்தமாகச் சுற்றினால் நல்ல சென்சாரும் சரியான சைகை தராமல் போகலாம்.

அடுத்து, சாவியை எடுத்துவிட்டு, எஞ்சின் ஆறியபின் சென்சாருக்குச் செல்லும் ஒயரைப் பாருங்கள். வைக்கோல் போருக்கு அருகில் நிறுத்தும் வண்டிகளில் எலி கடித்திருப்பதுண்டு. கனெக்டரில் ஆயில், துரு, ஈரம் இருந்தால் துடைத்து, அழுத்திப் பொருத்துங்கள். இவ்வளவில் தீரும் பழுதுகளும் உண்டு, செலவு ஒன்றுமில்லை.

மூன்றாவதாக, சென்சாரைக் கழற்றி நுனியைப் பாருங்கள். காந்தத்தில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள். பற்சக்கரத்தில் பல் உடைந்திருந்தாலோ சென்சார் தளர்ந்திருந்தாலோ சைகை கெடும்.

நான்காவதாக மல்டிமீட்டர் சோதனை. இரண்டு ஒயர் உள்ள காந்தச்சுருள் சென்சாருக்கு ஓம் அளவு பாருங்கள். பலவற்றில் இது சில நூறு முதல் ஆயிரம் ஓம் வரை இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய அளவைப் பணிமனைக் கையேட்டில் காண்க. ஆறிய நிலையில் சரியாக இருந்து, சூட்டில் அளவே காட்டாவிட்டால் சென்சார் பழுது. மூன்று ஒயர் உள்ளவை பெரும்பாலும் ஹால் வகை. இவற்றை ஓம் மீட்டரில் சோதிக்கக் கூடாது. மின்சாரமும் எர்த்தும் வருகின்றனவா, செல்ப் அடிக்கும்போது சைகை மாறுகிறதா என்று மெக்கானிக்கைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள்.

குறி எண்ணை மட்டும் நம்பலாமா?

ஸ்கேனர் கருவியில் பி 0335 என்று வந்தால் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு. பி 0336 என்றால் சைகை ஒழுங்காக இல்லை. சுற்று என்றால் ஒயரும் கனெக்டரும் அதில் அடங்கும். இலை மஞ்சளானதும் யூரியா போட்டுவிடுகிறோமா? தண்ணீர் தேங்கியிருக்கிறதா, வேர் அழுகியதா, இரும்புச்சத்துக் குறைவா என்று பார்க்கிறோம் அல்லவா? வண்டிக்கும் அவ்வாறே பார்க்கவேண்டும். மாறாக, குறி எண் எதுவும் பதியாமலேயே சூட்டில் நிற்கும் வண்டிகளும் உண்டு. எனவே வண்டி நின்றபோது எஞ்சின் சூடாக இருந்ததா, முள் எப்படி இருந்தது, எவ்வளவு நேரத்தில் ஸ்டார்ட் ஆயிற்று என்று குறித்துவைத்து மெக்கானிக்கிடம் கூறுங்கள். நான் அதைச் செய்யத் தவறினேன்.

வழியில் நின்றால்

எஞ்சின் நின்றதும் ஸ்டீயரிங் கனக்கும். பிரேக்கின் துணைவிசை ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும். ஆகவே பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல், ஒரே சீராக அழுத்தி, இடது ஓரம் ஒதுக்குங்கள். வண்டி நகரும்போது சாவியை எடுக்காதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். நான்கு விளக்கும் மின்னும்படி போடுங்கள். அரை மணி ஆறவிட்டால் ஸ்டார்ட் ஆகக்கூடும். ஆனால் அது குணமானதாகாது. அடுத்த முறை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அன்றே சோதிக்கச் செய்யுங்கள்.

இந்தச் சென்சாரின் விலை பம்பின் விலையில் சிறு பங்கே. எனவே எந்தப் பாகத்தையும் மாற்றுமுன், "எதைச் சோதித்து இதைச் சொல்கிறீர்கள்?" என்று மெக்கானிக்கிடம் தயங்காமல் கேளுங்கள். இம்முறையைக் கடைப்பிடித்து, வீண் செலவையும் விபத்தையும் தவிர்க்குமாறு கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.