தேசியப் பறவையும் பொராமியும்

இந்த எபிசோட்ல கம்போடியாவின் வடபகுதிக்குப் போறோம். உலகத்திலேயே பெரிய அரிவாள் மூக்கன் பறவை அங்கே காட்டுல இருக்கு. அதே பகுதியில ஓடுற மேகாங் ஆற்றுல ராட்சத நன்னீர்த் திருக்கை இருக்கு. ரெண்டுமே அழிஞ்சுட்டு வருது. ஆனா ரெண்டையும் ஒரே வழியில காப்பாத்த முடியாது. ஏன்னு சொல்றேன்.

முதல்ல பறவை. நம்ம ஊர் வயல்ல வளைஞ்ச அலகோட மேயுமே அரிவாள் மூக்கன், அதுக்குப் பெரிய அண்ணன். சுமார் 1 மீட்டர் நீளம். கம்போடியாவின் தேசியப் பறவை. உலகத்துல மிச்சம் இருக்கிறது சில நூறுதான். காட்டுப் பறவைன்னாலும் சாப்பாடு சேத்துலதான். காட்டுக்குள்ள இருக்கிற குட்டைகள்ல அலகை விட்டுத் தவளை, மண்புழு தேடும். யானையும் காட்டெருமையும் புரண்டு புரண்டு அந்தக் குட்டைகள் தூர்ந்து போகாம வெச்சிருந்துச்சு. இப்போ அந்த விலங்குகள் குறைஞ்சுபோச்சு. பல இடத்துல ஊர்க்காரங்களோட எருமைதான் அந்த வேலையைப் பாக்குது!

கூடு உயரமான மரத்துல. மரநாய் ஏறாம இருக்க, அடிமரத்தைச் சுத்தி வழுக்குற தகடு கட்டுறாங்க. கூட்டுக்குக் காவல் இருக்கிற ஊர்க்காரங்களுக்குக் கூலி உண்டு. காட்டை வெட்டாத விவசாயிகளோட நெல்லைக் கூடுதல் விலைக்கு வாங்கி, 'ஐபிஸ் ரைஸ்'ங்கிற பேர்ல விக்கிறாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏற்பாடு இது.

இப்போ திருக்கை. 2022 ஜூன்ல ஸ்டங் டிரெங் பகுதியில ஒரு மீனவரோட தூண்டில்ல ஒண்ணு மாட்டுச்சு. எடை 300 கிலோ, வால் நுனிவரை கிட்டத்தட்ட 4 மீட்டர். அதுவரை பதிவான நன்னீர் மீன்கள்லயே பெருசு. 2005ல தாய்லாந்துல பிடிபட்ட 293 கிலோ கெளுத்தியோட சாதனை போச்சு. மீனவர் ஆராய்ச்சியாளர்களுக்குத் தகவல் சொன்னார். அவங்க சந்தை விலையைக் கொடுத்து, மீன்ல ஒரு ஒலிக் கருவியைப் பொருத்தி, திரும்ப ஆத்துல விட்டாங்க. 'பொராமி'ன்னு பேரும் வெச்சாங்க. கெமர் மொழியில முழுநிலா.

ஆனா பொராமிக்குக் கூடு கிடையாது. முட்டையும் இடாது, குட்டிதான் போடும். எந்த மரத்துல தகடு கட்டுறது? அது இருக்கிறது ஆத்தோட ஆழமான மடுக்கள்ல. ஒரு மீனவர் நல்ல மனசோட விட்டாலும், ஆத்துக்குக் குறுக்கே அணை வந்தா நீரோட்டம் மாறும், வண்டல் தங்கும், மீன்களோட போக்குவரத்து நிக்கும். ஸ்டங் டிரெங், சம்போர்னு ரெண்டு இடத்துல அணைத் திட்டம் பேசப்பட்டுச்சு. மேகாங்கின் முக்கிய ஓட்டத்துல 10 வருஷத்துக்கு அணை கட்டப் போறதில்லைன்னு கம்போடிய அரசு 2020ல சொன்னது. அந்தக் கெடு 2030ல முடியுது.