தொழிற்களமே கல்விக்கூடம்

பாலத்தின் மீது வண்டியோட்டிச் செல்பவர் எவரும், அதை நிர்மாணித்த பொறியாளரின் யோக்கியதையை விசாரித்துவிட்டுச் செல்வதில்லை. விசாரியாமலே உயிரை ஒப்படைக்கிறார். அந்த நம்பிக்கைக்குப் பாத்திரமானவர் இன்னாரென்று நிர்ணயிக்கும் பொறுப்பைப் பிரிட்டனில் நெடுங்காலமாக வகித்துவரும் ஸ்தாபனங்களுள் ஒன்று, சிவில் பொறியாளர் சங்கம். 1818-ஆம் ஆண்டில் லண்டன் ஃப்ளீட் தெருவிலிருந்த ஒரு காப்பி விடுதியில், தொழிலறிவைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளக் கூடிய வாலிபர் சிலரால் தோற்றுவிக்கப்பட்ட அச்சங்கத்துக்கு 1820-இல் முதல் தலைவராக அமர்ந்த தாமஸ் டெல்ஃபோர்டு, கல்தச்சு வேலையில் பயிற்சி பெற்று, பின்னாளில் மெனாய் நீரிணைமேல் தொங்குபாலம் அமைத்த மேதை. 1828-இல் சங்கம் அரச சாசனம் பெற்றது.

அந்தச் சங்கத்தின் பயிற்சித் திட்டத்தில் சேரும் பட்டதாரி, தொழில் நடத்தும் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்துகொண்டு, அனுபவம் முதிர்ந்த பொறியாளர் ஒருவரின் மேற்பார்வையில், தாம் கற்றதையும் செய்ததையும் அவ்வப்போது எழுதிப் பதிந்துவர வேண்டும். பிறகு மூத்த பொறியாளர்கள் அவருடைய அறிக்கையைப் படித்து, நேரில் அழைத்து வினவுவார்கள். கணக்கிடும் திறமை மட்டும் அங்கே போதாது; நிர்வாகம், செலவு, தொழிலாளர் பாதுகாப்பு, சுற்றுப்புற நலம், தொழில் நேர்மை ஆகிய அனைத்திலும் அவருக்குள்ள பக்குவம் பரீட்சிக்கப்படுகிறது. தம் குழுவினர் செய்த வேலையை அவர் வர்ணித்தால் பரீட்சிப்பவர்கள் திருப்தியடைவதில்லை. இவர் எதைத் தீர்மானித்தார், எந்தக் காரணத்தால் தீர்மானித்தார் என்றே கேட்கிறார்கள்.

இத்தகைய தீர்மானங்கள் வேலைத்தலத்தில்தான் பிறக்கின்றன. அஸ்திவாரப் பள்ளம் தோண்டும்போது, மண் பரிசோதனைக் குறிப்பில் காணாத களிமண் வெளிப்படும். வந்திறங்கும் கான்கிரீட்டில் அளவுக்கு மிஞ்சிய நீர் கலந்திருக்கும். தொழிலாளர்கள் காத்திருக்க, ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்த, அந்தக் கான்கிரீட்டை ஏற்பதா, திருப்பி அனுப்புவதா என்று இளம் பொறியாளர் சொல்லியாக வேண்டும். சரியான விடையைப் புத்தகம் சொல்லிவிடும்; அவ்விடையில் உறுதியாக நிற்கும் திடசித்தத்தைப் புத்தகம் அளிக்காது. அருகில் நிற்கும் மூத்தவர் உடனே குறுக்கிட்டுத் தாமே ஆணையிட்டுவிடாமல், இளையவர் யோசிக்க இடம் கொடுத்து, தவறு ஆபத்தாக முற்றுமுன் தடுத்து, வேலை முடிந்தபின் காரணகாரியங்களை விளக்கும்போதுதான் பயிற்சி என்பது அர்த்தம் பெறுகிறது.

ஆகையால், தகுதிபெற்ற பொறியாளராகப் பதிவுபெற நாடும் இளைஞரை ஆண்டுக்கணக்கில் ஒரே மேஜையில் ஒரே கணக்கைப் போடவைத்துவிட்டு, முடிவில் நற்சான்று எழுதிக் கொடுப்பது அவருக்கும் அநீதி, பொதுமக்களுக்கும் அநீதி. வரைபட அறையிலிருந்து வேலைத்தலத்துக்கு அவரை அனுப்புவதற்கும், மூத்தவர் அவரோடு உட்கார்ந்து பேசுவதற்கும் செலவாகும் நேரத்தை, இரும்புக்கும் சிமெண்டுக்கும் ஒதுக்குவதுபோலவே, நிர்மாணச் செலவின் இன்றியமையாத பகுதியாக நிறுவனங்கள் முதலிலேயே ஒதுக்கி வைக்க வேண்டும்.