குழியிலிருந்து தொடங்குவோம்

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் சாலையும் பழனிச் சாலையும் சேரும் இடம், மலைமேல் உள்ள நம் பெருமாள்மலை. சமவெளியில் சுட்ட செங்கல் இவ்வளவு தூரம் ஏறி வரும்போது, அதன் விலையில் டீசலும் சேர்ந்துகொள்கிறது. இத்தனைக்கும், மனையைச் சமப்படுத்த வெட்டிய மண்ணைக் காசு கொடுத்து வெளியே கொட்டுகிறோம்!

அந்த மண்ணையே சுவராக்கியவர்கள் ஆரோவில்காரர்கள். அங்குள்ள 'விகாஸ்' குடியிருப்பு 1990களில் எழுந்தது; நான்கு தளம் வரை சுடாத மண்கல். சலித்த மண்ணோடு எடையில் நூற்றுக்கு 5 பங்கு சிமெண்ட், கொஞ்சம் ஈரம். கலவையை இரும்புப் பெட்டிக்குள் கொட்டி, மூடி, நீளக் கைப்பிடியை இருவர் தொங்கி இழுத்தால் கூர்மையான விளிம்போடு கல் மேலே வரும். சூளை கிடையாது, விறகு கிடையாது. ஆனால் நான்கு வாரம் ஈரம் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது சரிப்படாது.

இதில் எனக்குப் பிடித்தது, கல்லைவிடக் குழிதான். மண் எடுத்த பள்ளம் நிலவறையாகுமா, மழைநீர்த் தொட்டியாகுமா என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுத்தான் அங்கே மண்வெட்டியை எடுக்கிறார்கள். ஊருணி வெட்டிய நம் முன்னோருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

நம் ஊரில் குப்பை சேரும் காலி இடம் ஒன்றில் படிப்பகமோ சமுதாயக்கூடமோ கட்டலாம் என்று நாலு பேர் கூடினால், குழியிலிருந்தே தொடங்கலாம். மேலாகக் கிடக்கும் பிளாஸ்டிக்கும் கண்ணாடித் துண்டும் கலந்த மண் கல்லுக்கு ஆகாது. கறுத்த இலைமக்கு மண்ணும் ஆகாது. அது அவக்கோடாவுக்கும் காப்பிச் செடிக்கும் உரியது. அதற்கும் கீழே உள்ள மண்ணை ஒரு பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி, இரவு முழுக்க வைத்துப் பாருங்கள். மணல் அடியில் தங்கும், களி மேலே படியும். களி மிஞ்சினால் கல் காயும்போது வெடிக்கும். மணல் சேர்க்கலாம், சிமெண்டுக்குப் பதில் சுண்ணாம்பும் போடலாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கல்லுக்காகச் சரிவை வெட்டாதீர்கள். அடிவாரம் அறுபட்ட மலை, அடைமழையில் இறங்கி வரும். மலைப்பகுதியில் மண் எடுக்க அனுமதியும் வேண்டும். கடைக்கால் கருங்கல்லாக இருக்கட்டும், கூரை சுவரைத் தாண்டி நன்றாக வெளியே நீளட்டும். தை பிறந்ததும் சலிக்கத் தொடங்கினால், கோடைமழைக்கு முன்பே கல் தயாராகிவிடும்.