காது மந்தமும் மனச்சோர்வும்

 

நம் சங்கம் தொடங்கியபோது முப்பது வயதில் ஓடியாடி உழைத்தவர்கள் இன்று எண்பதில் இருக்கிறார்கள். சிலர் இப்போது கூட்டங்களுக்கு வருவதில்லை. வந்தாலும் சாப்பாடு முடிந்ததும் கிளம்பிவிடுகிறார்கள். “அத்தாவுக்கு வயதாகிவிட்டது, யாரிடமும் பேசப் பிடிப்பதில்லை” என்கிறார்கள் வீட்டார். வயது மட்டும்தானா காரணம்?

முதுமையில் காது ஒரேயடியாக அடைத்துப்போவதில்லை. கீச்சென்ற ஒலிகள்தாம் முதலில் மங்கும். பேச்சில் ‘ச’, ‘க’, ‘த’ போன்ற எழுத்துகளின் ஒலி தேய்ந்துவிடும். அதனால்தான் “சத்தம் கேட்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்றுதான் விளங்கவில்லை” என்கிறார்கள். வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் சமாளித்துவிடுவார்கள். கல்யாண மண்டபத்தில், ஒலிபெருக்கி அலறும்போது சகனைச் சுற்றி நாலு பேர் பேசினால் ஒன்றும் பிடிபடாது. மற்றவர்கள் சிரிக்கும்போது தாமும் சிரித்து வைப்பார்கள். எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்டால், “ஒன்றுமில்லை, விடுங்கத்தா” என்று பதில் வரும். அந்த ஒரு சொல் மனத்தில் தைத்துவிடும். போகாமலிருப்பதே மேல் என்று தோன்றுவது அங்கேதான்.

அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரை 18,000க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் திரட்டிய விவரங்களை வைத்து, 2014இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. காது மிக நன்றாகக் கேட்கிறது என்றவர்களில் சுமார் 5 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. சற்று மந்தம் அல்லது அதற்கு மேல் என்றவர்களில் அது 11 விழுக்காடு. பெண்களிடம் இந்தத் தொடர்பு இன்னும் கூடுதல். நம் உம்மாமார்களோ காதைப் பற்றி வாய் திறப்பதே இல்லை! எதனால் எது வந்தது என்பதை இந்தக் கணக்கு சொல்லாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்பதற்கு இதுவே போதும்.

இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கம் கெட்டு, பசியில்லாமல், எதிலும் நாட்டமின்றி ஒருவர் இருந்தால் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்வோம். மருத்துவரிடம் காதைப் பற்றியும் சொல்வோம். சிலருக்குக் காதுக்குறும்பி அடைத்திருப்பதுதான் சிக்கலாக இருக்கும். சிலருக்குக் கருவி தேவைப்படும். தகுதியுள்ள முதியோருக்கு அதற்கு அரசாங்க நிதியுதவி உண்டு. கருவி மனச்சோர்வுக்கு மருந்தல்ல; சோர்வுக்குத் தனியே சிகிச்சை வேண்டும். ஆனால் பேச்சு விளங்கினால் மனிதர் சபைக்குத் திரும்புவார்.

புதுக் கருவியில் தட்டு விழும் ஓசைகூட இடிபோலக் கேட்கும். பழகச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் அலுத்துப்போய் அலமாரியில் வைத்துவிடுபவர்கள் ஏராளம். ஒளு செய்யக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு, சட்டையோடு துவைத்தவர்களும் உண்டு! ஒரு சிறு டப்பா கையில் இருக்கட்டும்.

அவர்களிடம் கத்திப் பேசவேண்டாம். கத்தினால் சொல் சிதையும். முகம் பார்த்து, நிதானமாகப் பேசுவோம். விளங்கவில்லை என்றால் வேறு சொல்லில் சொல்வோம். அடுத்த விருந்தில் மூத்தவர்களுக்கான இரண்டு மேசைகளை ஒலிபெருக்கிக்குத் தள்ளி, சுவரோரமாகப் போடும்படி ஏற்பாட்டுக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.