வேட்டை யாருக்குச் சொந்தம்?

(நமது சங்கத்தின் திருவனந்தபுரம் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த ஊருக்குப் பிழைக்க வந்த நம்மில் பலர் பத்மநாபசுவாமி கோயில் பள்ளிவேட்டையைப் பார்த்திருப்போம். ஐப்பசித் திருவிழாவிலும் பங்குனித் திருவிழாவிலும் மேளதாளம் இல்லாமல் ஊர்வலம் வரும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் வில்லை எடுத்து ஓர் இளநீர்க் காயின் மேல் அம்பு எய்வார். அதோடு வேட்டை முடிந்தது. இதைப் பார்க்கிற நம் பிள்ளைகள், வேட்டை என்றால் ராஜாக்களின் சமாச்சாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அப்படியா? உங்கள் பாட்டனாரைக் கேளுங்கள். மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களில் தைப் பொங்கல் கழிந்ததும் ஊரே திரண்டு முயல் வேட்டைக்குப் போகும். நாய் வைத்திருப்பவன் நாயோடு வருவான், வலை வைத்திருப்பவன் வலையோடு வருவான், ஒன்றும் இல்லாதவன் கம்போடு வருவான். இது யாருடைய புஞ்சை, அது யாருடைய தரிசு என்று எவரும் கேட்டதில்லை. அறுப்பு முடிந்த நிலத்தில் ஆடும் மேயும், முயலும் ஓடும், பின்னால் மனிதனும் ஓடுவான். கிடைத்த கறி பங்காகும். நிலம் ஒருவனுக்குச் சொந்தமாக இருந்தது. அதில் ஓடுகிற முயல் பிடித்தவனுக்குச் சொந்தமாக இருந்தது. இன்று அந்த முயலோடு பிடிபட்டால் வனத்துறை வழக்குப் போடும்.

மறுபடியும் வேட்டைக்குப் போங்கள் என்று சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. சட்டம் சட்டம்தான், காட்டு விலங்கும் வாழத்தான் வேண்டும். ஆனால் காசில்லாமல் இருந்த ஒன்று எப்படிக் காசுக்கு வந்தது, பிறகு எப்படி அடைபட்டது, அடைபட்டபோது யாருக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கை நாம் பார்த்தாக வேண்டும். நான் ரயில்வேயில் குமாஸ்தா. பாஸ், ரசீது, சர்க்குலர் என்று காகிதத்தோடு காலம் தள்ளுகிறவன். எந்த விஷயத்தைக் கேட்டாலும், இதற்குக் காகிதம் யார் பெயரில் இருக்கிறது என்பதுதான் என் முதல் கேள்வி. வேட்டையிலும் அதையே கேட்போம்.

முதலில் வெள்ளைக்காரன் நாட்டுக் கதை. இங்கிலாந்தில் 1671-இல் ஒரு வேட்டைச் சட்டம் போட்டார்கள். ஆண்டுக்கு 100 பவுண்டு வருமானம் தரும் சொந்த நிலம் உள்ளவனும், பெரிய குடும்பத்து மூத்த மகனும், அவர்களைப் போன்றவர்களும்தான் வேட்டையாடலாம். சின்ன விவசாயி தன் வயலை மேயும் முயலையே அடிக்கக் கூடாது! 1831-இல் சட்டத்தை மாற்றினார்கள். பணம் கட்டி லைசென்ஸ் வாங்கினால் யாரும் சுடலாம், ஆனால் நிலக்காரன் அனுமதி வேண்டும் என்றார்கள். பிறப்பு போய்ப் பணம் வந்தது. ஏழைக்கு அப்போதும் கதவு திறக்கவில்லை.

அமெரிக்காவின் கதை இன்னும் கூர்மையானது. அங்கே வேலி இல்லாத நிலத்தில் யாரும் வேட்டையாடலாம் என்பது நெடுநாள் வழக்கம். 1865-இல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பு உழைப்பாளி, முயலையும் மீனையும் பிடித்துத் தின்று நாலு நாள் வேலைக்குப் போகாமல் இருக்க முடிந்தது. பருத்தித் தோட்ட முதலாளிக்கு அது பொறுக்குமா? 1870, 1880-களில் தென் மாநிலங்களின் தோட்டப் பகுதிகளில், அனுமதியில்லாமல் பிறர் நிலத்தில் வேட்டையாடுவதையும் மீன் பிடிப்பதையும் தடுக்கும் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. விலங்கைக் காப்பாற்றும் எண்ணம் அதில் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஆனால் கூலிக்கு ஆளைக் கட்டிப்போடும் எண்ணமும் இருந்தது என்பதை அந்த நாட்டு வரலாற்று அறிஞர்களே எழுதியிருக்கிறார்கள். இன்று டெக்சாஸ் மாநிலத்தில் நிலக்காரர்கள் வேட்டை உரிமையைப் பருவத்துக்கு இவ்வளவு என்று குத்தகைக்கு விட்டு நல்ல வருமானம் பார்க்கிறார்கள்.

தோழர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். வயிற்றுக்கு வேறு வழி உள்ளவன் கூலியைப் பேரம் பேசுவான். வேறு வழி இல்லாதவன் கொடுத்ததை வாங்கிக்கொள்வான். புறம்போக்கு, குளத்து மீன், காட்டு விறகு, முயல் எல்லாம் ஏழையின் பேரம் பேசும் பலம். அது போகும்போது ஒரு வேளைக் கறியோடு சேர்ந்து அந்தப் பலமும் போகிறது.

இப்போது நம் மலைகளுக்கு வருவோம். நீலகிரியில் 1877-இல் வெள்ளைக்காரத் துரைமார்கள் வேட்டைச் சங்கம் அமைத்தார்கள். 1879-இல் சென்னை மாகாண அரசு, நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. எந்த விலங்கை எந்த மாதத்தில் யார் சுடலாம் என்பதற்கு விதியும் லைசென்சும் வந்தன. இலங்கையிலும் தோட்டத் துரைமார்கள் முன்னின்று 1894-இல் இதே போன்ற சங்கம் தொடங்கினார்கள்.

அதே 1877-இல்தான் பூஞ்ஞாறு ராஜாவிடமிருந்து கண்ணன் தேவன் மலையை ஜான் டேனியல் மன்றோ என்ற வெள்ளைக்காரர் எழுதி வாங்கினார். பின்னால் அங்கே தேயிலைக் கம்பெனி வந்தது. இரவிகுளம் மேட்டுப் புல்வெளியை, வரையாடும் மிளாவும் மேயும் இடத்தை, கம்பெனி தன் வேட்டைக் காடாக வைத்துக்கொண்டது. அந்த மலையைத் தன் வீடாக அறிந்த முதுவான் அங்கே காவலாளாகவும் துரைக்கு வழிகாட்டியாகவும் ஆனான். திருநெல்வேலி, மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணி பின்னால் மலையேறிய நம் மக்கள் கொழுந்து கிள்ளினார்கள். வேட்டை துரைக்கு, காவல் முதுவானுக்கு, கூடை நமக்கு. காகிதம் யார் பெயரில் இருந்ததோ, வேட்டையும் அவர் பெயரில் இருந்தது.

திருவிதாங்கூரிலும் 1933-இல் எஸ். சி. எச். ராபின்சன் என்பவரை வேட்டை விலங்கு வார்டனாக நியமித்தார்கள். 1934-இல் பெரியாறு ஏரியைச் சுற்றி நெல்லிக்காம்பட்டி சரணாலயம் வந்தது. அதுதான் இன்றைய தேக்கடி.

நியாயமாகப் பேச வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகளால் நன்மையே இல்லை என்று சொன்னால் அது பொய். உலகத்திலேயே அதிகமான வரையாடுகள் இன்று இரவிகுளத்தில்தான் இருக்கின்றன. கட்டுப்பாடில்லாமல் சுட விட்டிருந்தால் நாம் அதைப் படத்தில்தான் பார்த்திருப்போம். நம் கேள்வி வேறு. ஆடு பிழைத்ததற்கு மகிழ்ச்சி. ஆடு பிழைத்த மலையில் மனிதனுக்கு என்ன கிடைத்தது?

1971-இல் கேரள அரசு தனிச் சட்டம் போட்டுக் கண்ணன் தேவன் மலை நிலத்தை எடுத்துக்கொண்டது. தேயிலை பயிரிட்ட நிலம் கம்பெனியிடமே தொடர்ந்தது. இரவிகுளம் 1975-இல் சரணாலயமும் 1978-இல் தேசியப் பூங்காவும் ஆயிற்று. அன்று துரை துப்பாக்கியோடு போன ராஜமலைக்கு இன்று சுற்றுலாப் பயணி டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறான். அந்த ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடியில், 2020 ஆகஸ்ட் 6 இரவு, மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள். பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் உழைத்தவர்களுக்கு, படுத்திருந்த லயம்கூடத் தங்கள் பெயரில் இல்லை. வரையாட்டுக்கு அரசாங்கம் எழுதிக் கொடுத்த இடம் உண்டு. கொழுந்து கிள்ளியவரில் பலருக்கு அப்படி ஒரு சென்ட் கிடையாது.

நாடு முழுவதும் என்ன நடந்தது? 1972-இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலும் முதலில் பெரு வேட்டை, சிறு வேட்டை என்று பிரித்து லைசென்ஸ் கொடுக்க வழி வைத்திருந்தார்கள். 1991-இல் அதையும் நீக்கினார்கள். அந்தச் சட்டத்தின் 39-ஆவது பிரிவு, சட்டத்துக்கு மாறாகக் கொல்லப்பட்ட விலங்கும், செத்துக் கிடக்கும் விலங்கும் அரசின் சொத்து என்கிறது. 2006-இல் வந்த வன உரிமைச் சட்டம் காட்டு மக்களுக்கு நிலம், தேன், மீன் எல்லாவற்றிலும் உரிமை கொடுத்தது. வேட்டை ஒன்றை மட்டும் பெயர் சொல்லி விலக்கிவைத்தது. ஆக, இலவசம் போய் லைசென்ஸ், லைசென்ஸ் போய்த் தடை.

தடை எல்லோருக்கும் பொது என்பார்கள். பொதுதான். ஆனால் பணக்காரனுக்குப் போனது பொழுதுபோக்கு. ஏழைக்குப் போனது பிழைப்பு. நரிக்குறவரை எடுத்துக்கொள்ளுங்கள். வேட்டை போனதும் ஊசி, பாசிமணி விற்று ரயில் நிலையங்களில் படுத்தார்கள். நான் தினமும் பார்ப்பவன். தமிழ்நாட்டுப் பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறியது எப்போது? 2023-இல்!

இருளர் கதை வேறு மாதிரி. பாம்பு பிடித்துத் தோல் விற்றவர்கள் அவர்கள். தோல் வியாபாரம் தடையானதும் நடுத்தெருவில் நின்றார்கள். பாம்பு ஆராய்ச்சியாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையோடு 1978-இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருக்கிறது. அரசு அனுமதித்த எண்ணிக்கையில் பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, மறுபடி விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. பாம்பும் பிழைத்தது, இருளரும் பிழைத்தார், கடிபட்டவனும் பிழைத்தான். அதே மக்கள், அதே கைத்திறன், அதே சட்டம். காகிதம் சங்கத்தின் பெயரில் வந்தது என்பதுதான் வித்தியாசம்.

இதை இன்றைக்கு ஏன் பேசுகிறேன்? கதவு மறுபடி கொஞ்சம் திறக்கிறது. காட்டுப் பன்றி மரச்சீனியையும் வாழையையும் தோண்டிப் போடுகிறது என்பது நெடுமங்காடு, விதுரை பக்கம் வேலை செய்யும் நம் ஆட்களுக்குத் தெரியும். 2022-இல் கேரள அரசு, பஞ்சாயத்துத் தலைவர்களுக்கும் நகரசபைத் தலைவர்களுக்கும் கௌரவ வன உயிரின வார்டன் அந்தஸ்து கொடுத்தது. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அவர்கள் அனுமதி தரலாம். சுடுகிறவரிடம் துப்பாக்கி லைசென்ஸ் இருக்க வேண்டும். சுட்ட பன்றியைப் புதைக்க வேண்டும், தின்னக் கூடாது. தமிழ்நாட்டில் 2025-இல் எடுத்த முடிவின்படி, காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையினர் மட்டும் சுடலாம்.

துப்பாக்கி லைசென்ஸ் யாரிடம் இருக்கிறது? நிலபுலன் உள்ளவரிடம். நம்மில் பாட்டத்துக்கு நிலம் எடுத்து வாழை வைத்தவன் என்ன செய்வான்? நிலத்துக் காகிதம் அவன் பெயரில் இல்லை. நஷ்டஈட்டு மனு எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே பேனா நின்றுவிடும்.

இன்னொரு பக்கம் திருட்டு வேட்டை. 2025 ஜூனில் மலப்புரம் மாவட்டம் வழிக்கடவில், நண்பர்களோடு மீன் பிடிக்கப் போன 15 வயது மாணவன், பன்றிக்காகத் திருட்டுத்தனமாகக் கட்டிய மின்கம்பியில் பட்டு இறந்தான். கையைக் கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். யார் கூலி கொடுத்தாலும் அந்தக் கம்பியைக் கட்டப் போகாதீர்கள். பன்றிக் கறியின் லாபம் ஒருவனுக்கு, ஜெயில் உங்களுக்கு, சாவு யாரோ ஒரு பிள்ளைக்கு.

வேட்டையை ஒழுங்குபடுத்தி அனுமதிக்க வேண்டும் என்று சூழலியல் அறிஞர் மாதவ் காட்கில் போன்றவர்களே 2023-இல் பேசினார்கள். பாகிஸ்தானின் வடக்கு மலைகளில் மார்க்கோர் என்ற காட்டு ஆட்டைச் சுட வெளிநாட்டுப் பணக்காரர்களுக்கு ஆண்டுக்குச் சில அனுமதிகளை மட்டும் ஏலம் விடுகிறார்கள். அந்தப் பணத்தில் 80 சதவீதம் மலைக்கிராம மக்களுக்குப் போகிறது. ஆட்டைக் காப்பதில் கிராமத்தாருக்கே அக்கறை வந்தது. இங்கே அப்படி வரலாம், வராமலும் போகலாம். வந்தால் பணம் எஸ்டேட் முதலாளிக்கும் ரிசார்ட்காரனுக்கும் போகுமா, காட்டு மக்களுக்கும் உழைப்பாளிக்கும் வருமா? அதைச் சட்டம் எழுதும்போதே கேட்க வேண்டும். எழுதி முடித்தபின் கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.

ஆகவே நம் சங்கம் மூன்று கோரிக்கைகளை முன்வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒன்று: பயிர் சேதத்துக்கு நஷ்டஈடு, பட்டா யார் பெயரில் இருந்தாலும், பயிர் வைத்தவனுக்குக் கிடைக்க வேண்டும். இரண்டு: பன்றித் தொல்லையைக் கவனிக்கும் உள்ளூர்க் குழு எதுவானாலும் அதில் கூலித் தொழிலாளிக்கும் இடம் வேண்டும். மூன்று: எந்தக் காலத்திலாவது கட்டண வேட்டை வருமானால், முதல் பங்கு காணிக்காரர், முதுவான் போன்ற காட்டு மக்களுக்கு, அடுத்த பங்கு அந்த மண்ணில் உழைப்பவனுக்கு.

நம் பெரியோர்கள் முயலுக்கும் விறகுக்கும் குளத்து மீனுக்கும் ரசீது வைத்திருக்கவில்லை, தேவையும் படவில்லை. வழக்கமே அவர்களுக்குப் பட்டா. ஆனால் வழக்கத்தைக் கோர்ட்டில் காட்ட முடியவில்லை. அடுத்த வாரமே, பாட்டத்துக்குப் பயிர் வைத்திருப்பவர்கள் பெயர், இடம், பயிர், சேதம் நான்கையும் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொல்லுங்கள், நான் எழுதுகிறேன். பஞ்சாயத்துத் தலைவரிடம் தனித்தனியாக அல்ல, மொத்தமாகக் கொண்டு போவோம்.