தேய்ந்த தகடும் தெரியாத கணக்கும்



ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னது தமிழ் மரபு. கண்ணுக்குப் புலப்படாத மின்சாரத்தை விலைக்கு விற்க முற்பட்டோர்க்கு அந்த அளவையே பெரும்பாடாயிற்று.

1882 செப்டம்பர் 4-ஆம் நாள் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசனின் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அழுத்தம் ஏறக்குறைய 110 வோல்ட்டில் நிற்க வேண்டும். மிகுந்தால் விளக்கின் இழை அற்றுப்போகும். குறைந்தால் ஒளி மங்கும். அதனைக் காட்ட அங்கிருந்த கருவி எளியது. அழுத்தம் ஏறினால் சிவப்பு விளக்கும் இறங்கினால் நீல விளக்கும் எரியும். பணியாளர் கைச்சக்கரத்தைத் திருப்பிச் சரிசெய்வார்.

நிலையத்திற்குள் சிக்கல் இவ்வளவே. வாடிக்கையாளர் செலவிட்ட மின்சாரத்தை அளப்பதற்கு எடிசன் வேதியியலின் துணையை நாடினார். துத்தநாக சல்பேட்டுக் கரைசலில் இரண்டு துத்தநாகத் தகடுகள். மின்னோட்டத்தின் மிகச் சிறு பங்கு மட்டும் அவற்றின் வழியே செல்லும். ஒன்று தேயும், மற்றொன்று பருக்கும். மாதந்தோறும் தகடுகளைக் கழற்றிச் சென்று நிறுவனத்தார் தராசில் நிறுப்பர். எடையின் மாற்றமே கட்டணம். குளிர்காலத்தில் கரைசல் உறையாதிருக்கப் பெட்டிக்குள் தானே எரியும் விளக்கு ஒன்றும் உண்டு! நுட்பம் வியக்கத்தக்கதே. ஆயினும் தகடும் விற்பவருடையது, தராசும் விற்பவருடையது. பணம் கொடுப்பவர் பார்ப்பதற்கு அப்பெட்டியில் ஓர் எண்கூட இல்லை.

எடிசனுக்கு முதலீடு தந்த மார்கனுக்கே ஐயம் எழுந்தது. அவருடைய வால் தெரு அலுவலகத்தில் ஒவ்வொரு விளக்கும் எரிந்த நேரத்தை அட்டையில் குறித்துவைத்தனர், கணக்கு ஒத்துவரவில்லை. துப்புரவுப் பணியாளர் வேலையின்போது ஏற்றிய விளக்குகள் அட்டையில் ஏறாததே காரணம் என எடிசனின் வரலாற்றை எழுதியோர் கூறுவர். அளவி வென்றது. ஆனால், ஒரு சிறு கடைக்காரர் எடிசனை நேரில் அழைத்துக் கணக்குக் கேட்டிருக்க முடியுமா?

1888-இல் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் ஆலிவர் ஷாலென்பர்கர், ஆர்க் விளக்கொன்றில் கழன்று விழுந்த சிறு கம்பிச்சுருள் தானே சுழலக் கண்டார். அதிலிருந்து மாறுமின்னோட்டத்திற்கான அளவி பிறந்தது. உள்ளே தட்டுச் சுழல, முகப்பில் முட்கள் நகர்ந்து எண் காட்டின. அடுத்த ஆண்டில் வந்த எலிஹு தாம்சனின் அளவி நேர்மின்னோட்டத்தையும் அவ்வாறே கணக்கிட்டது. தராசு தேவையற்றுப் போயிற்று. கணக்கெடுக்க வருபவர் எழுதும் எண்ணை வீட்டுக்காரரும் அருகில் நின்று படிக்கலாயினர்.